தரையை மூடும் நித்தியகல்யாணி

(கும்மிடிப்பூண்டியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களும் ஆலைத் தோட்டப் பணியாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மரம் வைக்கச் சொல்ல நமக்கு ஆள் குறைவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து, சென்னையிலும் நம் மாவட்டத்திலும் மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து, கன்று கொடுப்பதும் குழி எடுப்பதும் கூடியிருக்கிறது. நல்ல காரியம், நடக்கட்டும். ஆனால் மரத்துக்குக் கீழே இருக்கிற தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே நாலடி மண், சிப்காட் தொழிற்பேட்டைச் சாலையோரத்தில் நடைபாதை முடிந்து வேலி தொடங்குகிற துண்டு நிலம், ஆலைக்குள் எடைமேடைக்குப் பக்கத்தில் யாரும் கால் வைக்காத மூலை. இவையெல்லாம் வெறும் மண்ணாகக் கிடக்கின்றன. அந்த மண்ணுக்காகத்தான் இன்று பேச வந்தேன்.

வெறும் மண் சும்மா கிடப்பதில்லை. பங்குனியிலிருந்து ஆனி வரை அது காற்றில் எழும்புகிறது. இரும்பு உருக்குகிற ஊர் இது. புகைக்கூண்டிலிருந்து வந்ததும், கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரி கிளப்பியதும், கடைசியில் தரையில்தான் வந்து படிகின்றன. தரை வெறுமையாக இருந்தால், படிந்த தூசி அடுத்த காற்றுக்கு மறுபடி எழும்பி உங்கள் சன்னலுக்குள் வரும். ஒரே தூசியை ஒரு கோடையில் பல தடவை சுவாசிக்கிறோம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அதே மண் கரைந்து கால்வாய்க்குள் போய் அடைத்துக்கொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு உங்கள் தெருக் கால்வாயிலிருந்து வாரிப் போட்ட சேற்றை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு பங்கு நம் வாசல் மண்.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. பேவர் பிளாக் பதித்துவிடுகிறோம், அல்லது புல்தரை போடுகிறோம். பிளாக் பதித்த வாசல் மாலை ஏழு மணி வரைக்கும் சூட்டைக் கக்கும், மழைநீரையும் பெரும்பாலும் உள்ளே விடாது. புல்தரைக்கு, அதுவும் கொரியன் புல்லுக்கு, கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும். நம் பக்கத்து நிலத்தடி நீரின் கதை உங்களுக்குத் தெரியும். ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நடுவிலுள்ள மீஞ்சூர் வட்டாரத்தில், சென்னைக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்துக்குமாக ஆழ்குழாய்களில் இறைத்து இறைத்து, 1960களின் இறுதியிலேயே கடல்நீர் அடிநிலத்தில் உள்ளே ஏறிவிட்டது. அதன் பிறகு அது இன்னும் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. அப்படிப்பட்ட ஊரில் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகப் புல்லுக்குத் தினம் தண்ணீர் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சொல்ல வந்த செடி நித்தியகல்யாணி. நம் பக்கத்தில் சிலர் சுடுகாட்டுப்பூ என்பார்கள். நம் ஊர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்திருக்கிற யாழ்ப்பாணத்து அம்மாமார்களிடம் கேட்டால் பட்டிப்பூ என்பார்கள். நர்சரியில் வின்கா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வருடம் முழுக்க இலை உதிராது, பூவும் நிற்காது. வெள்ளை, ரோஸ், வெள்ளையில் நடுவே சிவப்புப் பொட்டு வைத்தது என்று பல நிறம் உண்டு. நீங்கள் எல்லோரும் பார்த்த செடிதான். ரயில்வே கேட் பக்கத்திலும் பாழடைந்த குவார்ட்டர்ஸ் சுவர் வெடிப்பிலும் தானாகவே முளைத்து நிற்கும்.

சுடுகாட்டுப்பூவை வீட்டில் வைக்கலாமா என்று சில பெரியவர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். ஏன் இடுகாட்டில் அது இருக்கிறது என்று யோசியுங்கள். இடுகாட்டில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, வேலி கிடையாது, ஆடு மாடு தாராளமாக மேயும். அங்கே பிழைக்க வேண்டுமானால் வறட்சியைத் தாங்க வேண்டும், ஆடு வாய் வைக்காத இலையாகவும் இருக்க வேண்டும். நித்தியகல்யாணிக்கு இரண்டும் உண்டு. இலையைக் கிள்ளினால் பால் வரும், ஒரே கசப்பு, ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும். சாவுக்கும் இந்தப் பூவுக்கும் வேறு சம்பந்தம் எதுவும் கிடையாது. எத்தனையோ வீடுகளில் பிள்ளையாருக்கும் சிவனுக்கும் இதே பூவைத்தான் காலையில் பறித்து வைக்கிறார்கள். ஆடு திரியும் தெருவில், தண்ணீர் குறைந்த ஊரில், இதைவிடப் பொருத்தமான செடியை நான் எங்கே தேடுவேன்?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் வின்கா என்று வேறொரு செடியைக் காட்டுவார்கள். அது ஐரோப்பாவின் வின்கா மைனர், வின்கா மேஜர். நீலப் பூ பூக்கும், மர நிழலில் தரையோடு தரையாகப் படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், பனிக்குள்ளும் பச்சையாகவே இருக்கும். குளிர் நாட்டுத் தோட்டக்காரர்கள் தரை மூடுவதற்கு அதைத்தான் நடுகிறார்கள். நம் கத்திரி வெயிலில் அது நிற்காது. நம்முடையது மடகாஸ்கர் தீவில் பிறந்தது. லின்னேயஸ் 1759இல் இதையும் வின்கா பேரினத்தில் சேர்த்து வின்கா ரோசியா என்று எழுதிவைத்தார். 1837இல் ஜார்ஜ் டான் என்ற தாவரவியலாளர் அதைப் பிரித்து கத்தராந்தஸ் என்ற பேரினத்தில் வைத்தார். நர்சரிக்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை. விதைப் பாக்கெட் வாங்கும்போது கத்தராந்தஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியச் செடி ஓடிப் படர்ந்து தரையை மூடும். நம் செடி ஓடாது. நிமிர்ந்து ஒன்றரை முதல் மூன்றடி வரை வளரும், அடித்தண்டு கட்டையாகும், கணுவில் வேர் விடாது. இரண்டு செடி நட்டுவிட்டு தரை மூடும் என்று காத்திருந்தால் இரண்டு செடிதான் இருக்கும். நெருக்கமாக நட்டு, நுனியைக் கிள்ளிக் கிள்ளி, கீழே உதிர்கிற விதையை முளைக்க விட்டுத்தான் இதைக் கொண்டு தரையை மூட முடியும். படர்ந்து தொங்குகிற ஒட்டு ரகங்கள் இப்போது நர்சரிகளில் வருகின்றன, அவை உயரம் போகாமல் பக்கவாட்டில் விரியும். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அவற்றின் விதையிலிருந்து தாய்ச்செடியைப் போலவே கன்று வருமென்று எதிர்பார்க்க முடியாது, ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். தெருவில் தானாக முளைக்கிற நாட்டு ரோஸ் நிறச் செடியே எனக்குப் போதும்.

நடும் முறைக்கு வருகிறேன். பத்தடிக்குப் பத்தடி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒரு செடி என்று முக்கோணமாக மாற்றி மாற்றி நட்டால் ஏறக்குறைய நூறு செடி வேண்டும். நூறு செடியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, ஒரு தட்டு நாற்றங்காலில் விடலாம். மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து, விதையைத் தூவி, மேலே கால் அங்குலம் மண்ணைச் சலித்துப் போடுங்கள். இந்த விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும், அதனால் தட்டின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடிவையுங்கள். முளை தலைகாட்டியதும் சாக்கை எடுத்துவிட வேண்டும். பழைய விதை முளைக்காது, அந்த வருடத்து விதையாக இருக்கட்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் நாற்று நடத் தயாராகும்.

எப்போது நடுவது? நம் ஊருக்கு தை மாதம்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும், கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். தையைத் தவறவிட்டால் ஆடி. ஆடியில் நட்ட செடி மழை வருவதற்குள் காலூன்றிவிடும். புரட்டாசி கடைசியிலும் ஐப்பசியிலும் நடாதீர்கள்.

நான்காவது இலை ஜோடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். இரண்டு கிளை நான்காகும். மறுபடி ஒரு சாண் வளர்ந்ததும் கிள்ளுங்கள். பூ வருவது ஒரு மாதம் தள்ளிப்போகும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாவது மாதத்தில் செடிக்குச் செடி கை கோத்துக்கொள்ளும். அதன் பிறகு அடியில் வெயில் விழாது, கோரையும் பார்த்தீனியமும் தலைதூக்கச் சிரமப்படும், மண் ஈரம் காயாது. வேரூன்றிய பிறகு கோடையில் வாரம் ஒன்று இரண்டு முறை தண்ணீர் விட்டால் போதும். உரம் அதிகம் வேண்டாம். யூரியா போட்டால் இலை பெருக்கும், பூ குறையும்.

இந்தச் செடிக்கு எமன் வறட்சி கிடையாது, தண்ணீர்தான். கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பெய்து அடியில் நீர் நின்றால், ஃபைட்டாப்தோரா என்கிற அழுகல் நோய் தண்டைப் பிடிக்கும். காலையில் செழிப்பாக இருந்த கிளை மாலையில் சாம்பல் பச்சையாகத் துவண்டு, இரண்டு நாளில் கறுத்துவிடும். நெல் விளைந்த களிமண்ணை நிரவி மனை போட்ட பொன்னேரிப் பக்கத்து வீடுகளில் இது கட்டாயம் வரும். அங்கே பாத்தியை அரையடி உயர்த்தி, மணல் கலந்து, நீர் வடிய வழி விட்டுத்தான் நட வேண்டும். கடற்கரைப் பக்கத்து மணல் பூமிக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. நோய் கண்ட செடியை வேரோடும் அதைச் சுற்றியுள்ள மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள், அதே குழியில் உடனே இதே செடியை வைக்காதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் காத்திருக்கும்.

இங்கே ஆலைத் தோட்டக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தூசி படிந்த இலையைக் கழுவினால்தான் செடி மூச்சு விடும். தலைக்கு மேலே தண்ணீர் அடித்தால் அழுகல் வரும். இரண்டையும் சமாளிக்க ஒரே வழி, கோடையில் மட்டும், வாரம் ஒருமுறை, விடிகாலையில் கழுவுவது. ஒன்பது மணி வெயில் இலையை உலர்த்திவிடும். மாலையில் ஹோஸ் பிடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொரு நோயும் உண்டு. இலை சிறுத்துக் கொத்துக் கொத்தாகும், பூ பச்சையாக மாறும். ஃபைட்டோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிர், தத்துப்பூச்சி கொண்டு வருவது. மருந்து இல்லை, பிடுங்கிவிட வேண்டும். இந்தக் கிருமியை ஆராய்கிற விஞ்ஞானிகள் உலகெங்கும் நித்தியகல்யாணிச் செடியில்தான் அதை வளர்த்து வைத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இந்தச் செடியின் உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்லாமல் இதை உங்கள் வாசலில் நடச் சொல்வது சரியாக இருக்காது.

சர்க்கரை நோய்க்கு நித்தியகல்யாணி இலைக் கஷாயம் குடிப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை, மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவிலும் உண்டு. 1952இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு, ஜமைக்காவிலிருந்த அவருடைய நோயாளி ஒருவர் இந்த இலைகளை அனுப்பி, இங்கே சர்க்கரைக்கு இதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று எழுதினார். அந்த கிளார்க் நோபிள் சாதாரண ஆள் இல்லை. 1921இல் பேண்டிங் என்ற மருத்துவர் இன்சுலின் ஆராய்ச்சியைத் தொடங்கியபோது உதவியாளராக யார் முதலில் போவது என்று அவரும் சார்லஸ் பெஸ்ட் என்ற இன்னொரு மாணவரும் காசு சுண்டிப் பார்த்தார்கள் என்றும், பெஸ்ட் ஜெயித்தார் என்றும் சொல்வார்கள். அந்த இலைகளை கிளார்க் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசி மூலம் ஏற்றியபோது எலிகள் தொற்று வந்து செத்தன. இரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன.

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். ராபர்ட் நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் விடவில்லை. வெள்ளணுவைக் குறைக்கிற பொருள், வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகுமே என்று எண்ணினார்கள். அவர்கள் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின், 1958இல் அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்திலும் இதே செடியில் வேலை நடந்தது. அங்கிருந்து வின்கிரிஸ்டின் வந்தது, 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கட்டப்படும் நுண்குழல்களைக் கட்ட விடாமல் இவை தடுக்கின்றன, பிரிய முடியாத செல் மடிகிறது. குழந்தைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் நிச்சய மரணமாக இருந்தது. இன்று முறையாகச் சிகிச்சை எடுக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் மற்ற மருந்துகளோடு வின்கிரிஸ்டினுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நம் வட்டாரத்திலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே சொட்டுச் சொட்டாக ஏறுகிற மருந்துகளில் ஒன்று, நம் ரயில்வே கேட் செடியிலிருந்து வந்த மருந்து.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் உழவர்கள் பல பத்தாண்டுகளாக இதைப் பயிராகவே போடுகிறார்கள். காய்ந்த இலையும் வேரும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகின்றன. இலையிலிருந்து புற்றுநோய் மருந்து, வேரிலிருந்து இரத்த ஓட்டத்துக்கான அஜ்மாலிசின். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும், ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ வரை வேண்டும். 2022இல் டென்மார்க்கிலும் கலிபோர்னியாவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, இந்த மருந்துக்கான மூலப்பொருள்களை ஆய்வகத்திலேயே தயாரித்துக் காட்டினார்கள். அது தொழிலாக வளர்ந்தால் ராமநாதபுரம் கமுதிப் பக்கத்து உழவருக்கு என்ன ஆகும் என்பது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை ஏன் சொன்னேன் தெரியுமா? கைப்பிடி இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்றுநோய் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்து இருக்கிற அளவு அவ்வளவு நுண்ணியது. ஆனால் அந்த இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்குகிறது என்று குடிப்பவருக்குத் தெரியாது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள், தயவுசெய்து இதைத் தொடாதீர்கள். நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. மண்ணில் உள்ள காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களை இந்தச் செடி உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆலை மதிலோரம் வளர்ந்த செடியின் இலை யார் வாய்க்குள்ளும் போகக் கூடாது. கிள்ளிய நுனிகளை ஆட்டுத் தொட்டியில் போடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூவாகவும் போர்வையாகவும் மட்டும் இருக்கட்டும்.

ஆலை நிர்வாகத்திலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். சுற்றுச்சூழல் அனுமதியில் நிலத்தில் ஒரு பங்கு பசுமைப் பட்டையாக இருக்க வேண்டும் என்று வழக்கமாக நிபந்தனை போடுகிறார்கள். அதை வேம்பும் புங்கமும் நட்டு முடித்துவிடுகிறோம். இரண்டு மரத்துக்கு நடுவே பன்னிரண்டடி வெறும் மண் கிடக்கிறது. மரம் வளர்ந்து நிழல் கூடுவதற்குப் பல வருடமாகும். அந்த வருடங்களில் அந்த இடைவெளி முழுக்க வெயில்தான், நித்தியகல்யாணிக்கு அதுதான் வேண்டும். நிழல் கூடிய பிறகு அது பூக்காமல் நெடுநெடுவென்று இளைக்கும், அப்போது எடுத்துவிடலாம். மரக்கன்றோடு சேர்த்து இதையும் நட ஒப்பந்தக்காரரிடம் சொல்லுங்கள், செலவு மிகவும் குறைவு.

எல்லா இடத்திலும் இதையே நடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் நீர் தேங்குகிற தாழ்வான இடத்துக்கு நம்முடைய பொடுதலையே மேல், தரையோடு ஒட்டிப் படர்ந்து மிதியையும் தாங்கும். வெடேலியா என்கிற மஞ்சள் பூக் கொடியை ஈரம் உள்ள இடத்தில் விடாதீர்கள், கால்வாயோரமெல்லாம் பரவி மற்றச் செடிகளை அமுக்கிவிடும். பழவேற்காட்டுப் பக்கத்து மணல் மேடுகளுக்கு நித்தியகல்யாணியைக் கொண்டு போகவே வேண்டாம். அங்கே அடும்பும் இராவணன் மீசையும் காலங்காலமாக மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. வந்தேறிச் செடிக்கு ஆலை ஊரில், வீட்டு வாசலில் வேலை இருக்கிறது. மணல் மேட்டுக்கு அதன் சொந்தச் செடிகள் இருக்கின்றன.

இரண்டு மூன்று வருடத்தில் அடிக்கட்டை தெரிய ஆரம்பிக்கும், நடுவில் வழுக்கை விழும். மார்கழி மழை விட்டதும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். மாசிக்குள் துளிர்த்துவிடும். துளிர்க்காத கட்டையைப் பிடுங்கி, அடியில் தானாக முளைத்திருக்கும் கன்றை அங்கே நகர்த்தி வையுங்கள்.

விதை எடுப்பதைச் சொல்லி முடிக்கிறேன். பூ உதிர்ந்த இடத்தில் இரண்டிரண்டாக மெல்லிய காய் நிற்கும். பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை முற்றியிருக்காது, காய்ந்து வெடித்த பிறகு போனால் விதை தரையில் சிதறியிருக்கும். காய் மஞ்சளாகத் திரும்புகிற அந்த இரண்டு மூன்று நாளில், காலையில் பறித்துக் காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். பைக்குள்ளேயே வெடித்துக் கறுப்பு விதை உதிரும். நூறு செடிக்கு ஒரு தீப்பெட்டி விதை தாராளம். மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், அடுத்த வருடத்துக்கென்று பூட்டி வைக்காதீர்கள்.